ஃபெரிக் குளோரைடு பாட்டிலும் ஒரு வியாழக்கிழமையும்

மலர்க்குழு நண்பர் போனில் கேட்டது சாதாரண விஷயம்தான். "கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்ட் நினைவுகள்னு நாலு பக்கம் எழுதிக் குடுப்பா. 71-74 பேட்ச்லேர்ந்து யாருமே எழுத மாட்டேங்கறாங்க" என்றார். சரி என்று உட்கார்ந்தேன். கிப்ஸ் அப்பாரட்டஸின் அழுகிய முட்டை நாற்றம், பிப்பெட்டை வாயால் உறிஞ்சி உதட்டைச் சுட்டுக்கொண்டது, சால்ட் அனாலிசிஸில் அட்டெண்டருக்கு டீ வாங்கிக் கொடுத்து விடை கேட்டது - இதெல்லாம் முந்தைய மலர்களிலேயே வந்துவிட்டன. (டீ விஷயத்தைச் செய்தவர்கள் இன்று பெரிய பதவிகளில் இருந்து ஓய்வு பெற்றிருக்கிறார்கள். பெயர் வேண்டாம்.) எனக்கு அந்த ஆய்வகம் என்றாலே ஞாபகத்துக்கு வருவது இரண்டாவது அலமாரியில் இருந்த ஒரு பாட்டில்தான். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அது வேதியியலோடு நிற்காமல் மருத்துவ வரலாற்றுக்குள் போய்விடும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம்முடன் படித்தவர்களுக்குத் தெரியும். பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டில் கரிம வேதியியல் செய்முறை வரும். ஃபீனால் தொகுதி இருக்கிறதா என்று பார்க்க நியூட்ரல் ஃபெரிக் குளோரைடு இரண்டு சொட்டு விட வேண்டும். ஊதா நிறம் வந்தால் இருக்கிறது. வராவிட்டால் இல்லை. 1972இல் ஒரு மத்தியானம் எனக்குக் கொடுத்தது சாலிசிலிக் அமிலம். சொட்டு விட்டேன். சோதனைக்குழாயில் நிறம் மாறியது. பக்கத்து மேஜைக்காரன் "டேய், என்னடா ஆச்சு?" என்று கேட்கும்வரை அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். அதே சோதனையை, கொஞ்சம் வேறு நிறத்தில், எனக்கு 9 வயதாக இருந்தபோது எங்கள் வீட்டு முற்றத்தில் பார்த்திருந்தேன்.

அதைச் சொல்வதற்கு முன் சேத்துப்பட்டின் கதையைச் சொல்லியாக வேண்டும். இன்றைய மாணவர்களுக்கு இது பெரும்பாலும் தெரியாது. நம் ஊரில் நடந்து, உலகம் முழுவதும் மருத்துவர்கள் பாடமாகப் படிக்கிற விஷயம் அது.

1950 வரை காசநோய் என்றால் சானடோரியம்தான். மின்சார ரயிலில் தாம்பரம் போகிறவர்கள் 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு ஸ்டேஷனைத் தாண்டிப் போகிறீர்கள் அல்லவா? டாக்டர் சௌரி முத்து 1928இல் அங்கே தொடங்கிய சானடோரியத்தின் பெயர்தான் அது. 1937இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை, படுக்கை. மருந்து என்று உருப்படியாக எதுவும் இல்லாத காலத்தில் இதுதான் வைத்தியம். பிறகு மருந்துகள் வந்தன. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. ஸ்வீடனில் யோர்கன் லேமன் என்பவர் ஆஸ்பிரினின் தம்பி மாதிரியான ஒரு பொருளைக் காசநோய்க்குப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். அதன் பெயர் பாரா அமினோ சாலிசிலிக் அமிலம். சுருக்கமாக பாஸ். 1952இல் ஐசோநயாசிட் வந்தது. மலிவான மாத்திரை. இந்த இரண்டையும் சேர்த்து ஒரு வருஷம் விடாமல் சாப்பிட்டால் நோய் குணமாகும் என்று தெரிந்துவிட்டது.

ஆனால் சாப்பிடுவது எங்கே? நம் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். சானடோரியம் படுக்கைகளோ ஆயிரக்கணக்கில். பேர் எழுதி வைத்துவிட்டு இடம் கிடைப்பதற்குள் போய்ச் சேர்ந்தவர்கள் நிறைய. வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தால் என்ன என்று கேட்டால், பெரிய டாக்டர்கள் தலையை ஆட்டினார்கள். ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கிற வீடு, கஞ்சியும் ஊறுகாயும் சாப்பாடு, ஓய்வுக்கு வழியில்லை. இதில் எப்படிக் குணமாகும்? அதோடு வீட்டிலிருக்கும் குழந்தைகளுக்கும் ஒட்டிக்கொள்ளுமே!

கேள்வி நியாயமானதுதான். பதில் யாரிடமும் இல்லை. அதைக் கண்டுபிடிக்க 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் - நான்கும் கூட்டு. பொறுப்பேற்று வந்தவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். கூட நம் ஆட்கள் தேவதத்தா, ராதாகிருஷ்ணா, சி.வி. ராமகிருஷ்ணன் போன்றவர்கள். சேத்துப்பட்டில் இன்றும் அந்த இடம் இருக்கிறது. பிறகு காசநோய் ஆராய்ச்சி மையம் என்றாகி, 2011இலிருந்து தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அவர்கள் செய்தது இதுதான். சென்னையின் ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்துக்கு. மறு பாதி அவரவர் வீட்டுக்கே. இரண்டு பக்கமும் அதே பாஸ், அதே ஐசோநயாசிட், ஒரு வருஷம். முடிவு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டினில் வந்தது. கட்டுரை 51ஆம் பக்கத்தில் தொடங்கி 144இல் முடிகிறது. வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு நூலகத்தில் அதைத் தேடிப் பிடித்து நான்கு நாள் உட்கார்ந்து படித்தேன். வருஷக் கடைசியில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 100க்கு 92, வீட்டில் 100க்கு 86. நல்ல காற்றும் முட்டையும் பாலும் படுக்கையும் சேர்ந்து கொடுத்த லாபம் அவ்வளவுதான்! ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோதும் இரண்டு தரப்பும் ஏறக்குறைய சமமாகவே நின்றன. வீட்டில் இருந்தவர்களுக்கு நோய் தொற்றியதா என்றும் ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பத்தைவிட இவர்கள் குடும்பத்தில் அதிகமாகத் தொற்றவில்லை. தொற்ற வேண்டியது பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே தொற்றிவிடுகிறது. மருந்து உள்ளே போக ஆரம்பித்தால் பரவுவது சீக்கிரமே குறைந்துவிடுகிறது.

உலகமே பிடித்துக்கொண்ட செய்தி 'வீட்டிலேயே மருந்து போதும்' என்பது. ஆனால் அந்தக் கட்டுரையில் ஒரு நிபந்தனை இருக்கிறது. வீடுகளுக்குப் போய்ப் பார்க்கிற சரியான ஏற்பாடு இருந்தால்தான் இது பொருந்தும் என்பது அதன் சாரம். வீட்டுக்கு மருந்து போனது பாதிக் கதை. சோதனையும் வீட்டுக்குப் போனது என்பதுதான் மீதிக் கதை. இந்த மீதிக் கதைக்குள்தான் எங்கள் பெரியம்மா வருகிறார்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. சின்ன வயதிலேயே விதவையாகி எங்களோடு இருந்தார். அயனாவரத்தில் ஆறு குடித்தனம் இருந்த ஒரு ஒண்டுக்குடித்தன வீடு. அப்பா பெரம்பூர் லோகோவில் ஃபிட்டர். நடுவில் முற்றம், ஒரே குழாய், பின்பக்கம் எல்லோருக்கும் பொதுவான கக்கூஸ். 1963இல் பெரியம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை. ஒருநாள் புடவைத் தலைப்பில் ரத்தம். சேத்துப்பட்டில் சேர்த்தார்கள். அவருக்கு அப்போது 38 வயது.

திங்கள்கிழமைதோறும் பெரியம்மா சேத்துப்பட்டு போய் ஒரு வாரத்துக்கு மருந்து வாங்கி வருவார். ஐசோநயாசிட் சின்ன மாத்திரை, பிரச்சினையில்லை. பாஸ்தான் வினை. மாவுத் தாளில் அடைத்த பெரிய பெரிய வில்லைகள். தண்ணீரில் நனைத்து வழவழப்பாக்கி முழுங்க வேண்டும். ஒரு நாளைக்கு 10 கிராம் அளவுக்கு உள்ளே போக வேண்டும். யோசித்துப் பாருங்கள், ஒரு வருஷம்! குமட்டல், வயிற்றுப்போக்கு. பெரியம்மா அதை 'சுண்ணாம்பு உருண்டை' என்பார். அதன் வாசனை வந்தாலே எனக்கும் வயிற்றைப் பிரட்டும்.

மருந்து வாங்கப் போகும்போது அங்கே சிறுநீர் எடுத்துச் சோதிப்பார்கள். பாஸ் உடம்பில் ரொம்ப நேரம் தங்காது. சில மணி நேரத்தில் சிறுநீரில் வந்துவிடும். அதில் ஃபெரிக் குளோரைடு விட்டால் நிறம் மாறும். பாஸிலும் ஃபீனால் தொகுதி இருக்கிறதே, அதனால்தான். மருந்து சாப்பிட்டவருக்கு நிறம், சாப்பிடாதவருக்கு வெறும் மஞ்சள். எளிய சோதனை, காசும் அதிகம் ஆகாது. அதில் ஒரு ஓட்டை இருக்கிறது என்பதைப் படிக்காத எங்கள் பெரியம்மா இரண்டே மாதத்தில் கண்டுபிடித்துவிட்டார். இன்றைக்குச் சாப்பிட்டேனா என்பதை மட்டுமே அது சொல்லும். நேற்றையும் முந்தாநாளையும் சொல்லாது. ஆக, திங்கள்கிழமை காலையில் மட்டும் பாஸ் சாப்பிட்டுவிட்டு சேத்துப்பட்டு போனார். மற்ற நாட்களில் வில்லைகள் கக்கூஸ் பக்கம் போயின. அம்மாவுக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒருநாள் பின்பக்கம் போனபோது பார்த்துவிட்டேன். "யாருகிட்டயும் சொல்லாதடா கண்ணு" என்று காலணா கொடுத்தார். நயா பைசா வந்து ஆறு வருஷம் ஆகியும் எங்கள் வீட்டில் அதற்குக் காலணா என்றுதான் பேர்.

பெரியம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முதல் இரண்டு மாதத்திலேயே இருமல் குறைந்துவிட்டது, எடை ஏறியது. உடம்பு நன்றாக இருக்கும்போது தினம் வாந்தி வருகிற மருந்தை யார் சாப்பிடுவார்கள்? டாக்டர் ஃபாக்ஸே 1958இல், நோயாளிகள் தாங்களாக மருந்து சாப்பிடுவதில் உள்ள சிக்கலைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். படித்தவர், படிக்காதவர், எந்த நாட்டுக்காரர் என்ற பேதமே இதில் கிடையாது. நான் வேலை பார்த்த 36 வருஷத்திலும் கண்டது அதுதான். மருந்தைப் பாதியில் விட்ட டாக்டர்களையே எனக்குத் தெரியும்.

ஆனால் ஓட்டை இருக்கிறது என்று சேத்துப்பட்டுக்காரர்களுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தார்கள்.

அன்று வியாழக்கிழமை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைப் புடவை, தோளில் பை, கையில் குடையோடு ஹெல்த் விசிட்டர் அம்மா வந்தார். ஏற்கெனவே ஒரு தடவை வந்திருந்தவர். எதிர்க் குடித்தனத்துக்காரர்களிடம் அவரை 'மாதர் சங்கத்துத் தையல் டீச்சர்' என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். காசநோய் என்று தெரிந்தால் குழாயில் தண்ணீர் பிடிக்க விடமாட்டார்கள். அந்த அம்மாவும் அதைப் புரிந்துகொண்டு, வாசலில் நின்று சத்தமாக, "தையல் எப்படிப் போயிட்டிருக்கு?" என்று கேட்டபடியேதான் உள்ளே வந்தார்.

உள்ளே வந்ததும் மருந்து டப்பாவைக் கேட்டு எண்ணினார். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. தூக்கிப் போட்டவருக்குக் கணக்கு வைக்கத் தெரியாதா என்ன? அப்புறம் சின்ன பாட்டிலைக் கொடுத்து சிறுநீர் கேட்டார். பெரியம்மா முகம் செத்துப் போயிற்று. பின்பக்கம் போய் வந்தார். அந்த அம்மா முற்றத்து ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து, குழாயில் கொஞ்சம் ஊற்றி, பையிலிருந்த பாட்டிலிலிருந்து சொட்டு விட்டார். நான் எட்டிப் பார்த்தேன். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"காலைல சாப்பிட்டீங்களாம்மா?"

"சாப்பிட்டேன் சிஸ்டர்."

அவர் பெரியம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நான் பொய் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். சும்மா பார்த்ததில் எனக்கு அழுகை வந்துவிட்டது. "பெரியம்மா திங்கக்கிழமை மட்டுந்தான் சாப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் பெரியம்மா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. தட்டில் சோறு போடுவார், பேச மாட்டார்.

ஹெல்த் விசிட்டர் அம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் குடையை மூலையில் சாத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு, மருந்து சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பெரியம்மா முதலில் வாயைத் திறக்கவில்லை. கடைசியில், "வாயில வெச்சாலே கொமட்டுது சிஸ்டர். காலைல வெறும் டீத்தண்ணிதான். அதுமேல இத போட்டா குடலே வெளிய வருது" என்றார். அதாவது அவர் வெறும் வயிற்றில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்! காலையில் வீட்டில் நானும் அப்பாவும் சாப்பிட்டு முடித்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. இந்த விஷயம் எந்தக் கிளினிக்கிலும் எழுதி வைக்கவில்லை. எங்கள் அடுப்பங்கரையைப் பார்த்தால்தான் தெரியும். மத்தியானம் கஞ்சி குடித்த பிறகு பாதி, ராத்திரி சோற்றுக்குப் பிறகு பாதி என்று பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் வெள்ளிக்கிழமை மறுபடி வந்தார். சொட்டு விட்டார். இந்தத் தடவை நாவல்பழத்தைக் கசக்கிய மாதிரி நிறம். "பாத்தியா?" என்று குழாயை என்னிடம் காட்டினார். 72இல் ஆய்வகத்தில் எனக்கு ஞாபகம் வந்தது அதுதான்.

எங்களையும் அவர்கள் விடவில்லை. எனக்கும் தம்பிக்கும் முன்கையில் மாண்டூ ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் தடிப்பைச் சின்ன ஸ்கேலால் அளந்தார்கள். எனக்குத் தடித்திருந்தது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஆனாலும் பல வருஷம் அம்மா ராத்திரியில் என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். கிருமி உள்ளே வந்திருக்கிறது, நோய் வரவில்லை என்பதுதான் அந்தத் தடிப்புக்கு அர்த்தம் என்று நான் படித்துவிட்டு வந்து சொன்ன பிறகும் நம்பவில்லை.

பெரியம்மா முழுசாகக் குணமாகி 1994 வரை இருந்தார். போனது வேறு காரணத்தால்.

வீட்டுச் சோதனை என்றால் இப்போதுள்ள பிள்ளைகள் ஏதோ புதுசு என்று நினைக்கிறார்கள். கெமிஸ்ட்ரிக்காரர்களுக்கு இன்னொரு உதாரணம் சொல்கிறேன். பெனடிக்ட் கரைசல் ஞாபகமிருக்கிறதா? சர்க்கரை நோயாளிகள் வீட்டிலேயே அதைக் காய்ச்சி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, நீலமா பச்சையா மஞ்சளா செங்கல் நிறமா என்று பார்த்துக்கொண்ட காலம் உண்டு. எங்கள் தெருவில் ஒரு வக்கீல் வீட்டில் பூஜையறைக்குப் பக்கத்திலேயே ஸ்பிரிட் விளக்கும் டெஸ்ட் டியூபும் இருக்கும். அப்புறம் 1956இல் கிளினிஸ்டிக்ஸ் என்று நனைத்துப் பார்க்கிற தாள் வந்தது, 1965இல் ரத்தத்துக்கு டெக்ஸ்ட்ரோஸ்டிக்ஸ். இன்றைய குளுகோமீட்டர் இந்த வம்சத்தில் வந்ததுதான். காசநோய்க்கும் 1955இலிருந்து 58 வரை நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் எக்ஸ்ரே கருவி பொருத்திய வண்டிகள் கிராமங்களுக்கே போயின. காசநோய் பட்டணத்து வியாதி, கிராமத்துக் காற்றில் வராது என்று அதுவரை பலர் நினைத்திருந்தார்கள். வண்டி போய்ப் பார்த்தபோதுதான் கிராமத்திலும் அதே அளவுக்கு இருக்கிறது என்று தெரிந்தது. ஆஸ்பத்திரிக் கணக்கை மட்டும் வைத்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

சேத்துப்பட்டுக் கதைக்குத் திரும்புகிறேன். 1962இல் தேசியக் காசநோய்த் திட்டம் வந்தது. வீட்டிலேயே சிகிச்சை என்பதை நாடு முழுவதும் எடுத்துக்கொண்டார்கள். அந்த நிபந்தனை மட்டும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. மாதத்துக்கு ஒருமுறை மருந்து வாங்கிப் போ என்பார்கள். வராதவர் வீட்டுக்குப் போக ஆளும் இருக்காது, வண்டியும் இருக்காது. நான் சளிப் பரிசோதனை பார்த்த ஆய்வகங்களில் இதை நேரில் கண்டேன். ஸ்லைடில் சிவப்புக் குச்சிகள் தெரியும், எழுதி அனுப்புவேன். ஆறு மாதம் கழித்து அதே பெயர், அதே குச்சிகள். இடையில் அந்த ஆள் எங்கே இருந்தார், என்ன சாப்பிட்டார் என்று கேட்க எனக்கு அதிகாரமும் இல்லை, நேரமும் இல்லை. என் மேஜைக்கு வந்தது மனிதர் இல்லை, சளி டப்பாதான். 1992இல் அந்தத் திட்டத்தை மறுஆய்வு செய்தபோது, சிகிச்சையை முழுசாக முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு என்று தெரிந்தது. எனக்கு ஆச்சரியமாக இல்லை.

1997இல் திருத்திய திட்டம் தொடங்கி 2006இல் நாடு முழுவதும் வந்தது. கண்முன்னே மருந்தை விழுங்கச் செய்வது அதன் அடிப்படை. அதற்கும் வேர் சேத்துப்பட்டில்தான். வாரம் இரண்டு தடவை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மருந்து கொடுக்கிற முறையை அவர்கள் சோதித்து 1964இலேயே வெளியிட்டார்கள். ஆனால் புதுத் திட்டத்தில் பல இடங்களில் நோயாளிதான் மருந்துக்காக நடந்தார். தினக்கூலிக்காரர் ஒருவர் என்னிடம், "மாத்திர திங்கறதுக்கு வாரத்துல மூணு நாள் அரைநாள் கூலி போவுது சார்" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. 2017இலிருந்து தினசரி மருந்து முறை வந்தது. இப்போது கையில் தூக்கிப் போகிற எக்ஸ்ரே கருவியே வந்துவிட்டது. 2024 டிசம்பரில் தொடங்கிய நூறு நாள் காசநோய் இயக்கத்தில் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அந்தக் காலத்து எக்ஸ்ரே வண்டியைக் கேள்விப்பட்டவனுக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

எனக்கும் இப்போது சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. இரண்டு விதமாக என் வீட்டுக்கே சோதனை வருகிறது. மகன் போனில் பதிவு செய்தால் ஒரு கம்பெனிப் பையன் காலை ஆறரைக்கு பைக்கில் வந்து, செருப்பைக் கழற்றி, ஐந்தே நிமிஷத்தில் ரத்தம் எடுத்துக்கொண்டு போய்விடுவான். நல்ல பையன், ஊசி வலிக்காது. ஆனால் அவன் பார்ப்பது என் முழங்கை மடிப்பை மட்டும்தான். எங்கள் தலைமுறைக்கு இது வசதி. வேறொன்றும் சொல்வதற்கில்லை.

இன்னொருவர் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம். 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் வாங்கியது. எங்கள் பக்கத்துத் தெருப் பெண்தான் வருகிறார். பிரஷர் பார்த்து, விரல் நுனியில் குத்தி சர்க்கரை பார்த்து, நோட்டில் எழுதுவார். போன மாதம் மீட்டரில் நல்ல எண் வந்தது. நான் பெருமையாகச் சிரித்தேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. மேஜை மேலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "சார், நான் போன மாசம் குடுத்த அட்டை இது. பாதி அப்படியே இருக்கே?" என்றார்.

உண்மைதான். அவர் வருகிற வாரம் மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தேன். பெரியம்மா எங்கேயோ இருந்து சிரித்திருப்பார். நான் செய்முறை நோட்டெல்லாம் எழுதி, 36 வருஷம் பரிசோதனைக் கூடத்திலேயே குப்பை கொட்டியவன் என்பதை அந்தப் பெண்ணிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எப்ப சாப்பிட்டா என்ன செய்யுது, சொல்லுங்க" என்றார். மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று சொன்னேன். சாப்பாட்டோடு சேர்த்துப் போடச் சொன்னார். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது மூன்று மாதச் சர்க்கரை அளவையும் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சோதனையை ஒரு வார ஒழுக்கத்தால் ஏமாற்ற முடியாது.

மலர்க்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டு விழாவன்று வேதியியல் ஆய்வகத்தைத் திறந்து வைப்பதாகச் சொன்னார்கள். பெரியம்மாவின் 1963ஆம் வருஷத்துச் சிகிச்சை அட்டை என்னிடம் இருக்கிறது. மடித்த இடத்தில் கிழிந்து செலோடேப் ஒட்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்த நாளெல்லாம் தேதி போட்டு, பக்கத்தில் கூட்டல் அல்லது கழித்தல் குறி, கீழே சின்ன எழுத்தில் யாரோ ஒருவருடைய கையெழுத்து. கொண்டு வருகிறேன். இரண்டாவது அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டால் போதும். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் ஒரே ஒரு கழித்தல் குறி தெரியும். அதுதான் நான் சொன்ன வியாழக்கிழமை.